பதினெட்டு ஆகாத பிள்ளை குற்றம் செய்தால் சட்டம் என்ன செய்யும்?

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு பையனைப் போலீஸ் கூட்டிப்போன செய்தி தெருவுக்குள் வந்ததும் இரண்டு பேச்சு கிளம்பும். "மைனர் பையன்தானே, இன்னா பண்ணிடுவாங்க? நாலு நாள்ல வந்துடுவான்" என்பார் ஒருவர். "மைனராவது ஒண்ணாவது, இதுங்களை எல்லாம் பெரியவங்க மாதிரியே புழல் ஜெயிலுக்கு அனுப்பணும்" என்பார் இன்னொருவர். முதல் பேச்சை நம்பிக் கெட்ட பிள்ளைகள் உண்டு. இரண்டாவது பேச்சை நம்பி, கேட்க வேண்டியதைக் கேட்காமல் ஸ்டேஷன் வாசலிலேயே அழுதுகொண்டு நின்ற அம்மாக்களும் உண்டு. இந்த இரண்டுமே சட்டத்தில் இல்லை. பிள்ளை செய்த காரியத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறது சட்டம். யார் முன்னால், எந்த முறையில், எந்த அளவுக்கு என்பதெல்லாம் அவன் வயதைப் பொறுத்து மாறும். இந்தக் கணக்கு வடசென்னையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான். கை செய்த காரியத்தை மட்டும் வைத்துச் சட்டம் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதில்லை. அந்தக் காரியத்துக்குப் பின்னால் ஒரு மனம் இருந்ததா, தான் செய்வது என்ன, அதனால் என்ன நடக்கும் என்று அந்த மனத்துக்குத் தெரிந்திருந்ததா என்றும் பார்க்கும். கொருக்குப்பேட்டை தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் 6 வயதுக் குழந்தை போகிற ரயில் மேல் கல்லை வீசுகிறது, ஒரு பயணிக்கு மண்டை உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். காயம் நிஜம். குழந்தைக்கோ, கல் எவ்வளவு தூரம் போகும் என்ற விளையாட்டுக்கு மேல் எதுவும் தெரியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 20ஆம் பிரிவு இந்தக் குழந்தைக்கானது: 7 வயதுக்குக் கீழே இருப்பவர் செய்யும் எதுவும் குற்றமாகாது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை.

7 முடிந்து 12 ஆகாத பிள்ளைகளுக்கு 21ஆம் பிரிவு. இங்கே சட்டம் ஒரு கேள்வியைத் திறந்து வைக்கிறது. அந்தச் சமயத்தில், அந்தக் குறிப்பிட்ட செயலின் தன்மையையும் விளைவையும் எடைபோடும் அளவுக்கு அந்தப் பிள்ளைக்குப் புத்தி முதிர்ந்திருந்ததா? முதிரவில்லை என்றால் குற்றம் இல்லை. முதிர்ந்திருந்தது என்றால் பொறுப்பு உண்டு. ஒரே வயதுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான பதில் வரலாம். ஒரே பிள்ளைக்குக்கூட ஒரு செயலில் ஒரு பதிலும் இன்னொன்றில் வேறு பதிலும் வரலாம். காசிமேடு துறைமுகத்தில் படகிலிருந்து டீசல் கேனைத் தூக்கும் 11 வயதுப் பையனுக்குத் திருட்டு என்றால் என்னவென்று தெரிந்திருக்கும். அதே பையனிடம் யாரோ ஒரு பையைக் கொடுத்து "இதை அந்த அண்ணன்கிட்ட குடுத்துட்டு வா" என்றால், உள்ளே இருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியாமலே போகலாம்.

புத்தி முதிர்ச்சியை எதை வைத்துச் சொல்வது? செயலுக்கு முன்னும் பின்னும் பிள்ளை நடந்துகொண்ட விதத்தை நீதிமன்றங்கள் பார்க்கின்றன. எடுத்ததை ஒளித்து வைத்தானா, கேட்டபோது பொய் சொன்னானா, ஓடினானா என்பதெல்லாம் வரும். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. 9 வயதுப் பிள்ளை ஒளித்து வைப்பதும் பொய் சொல்வதும் பெரும்பாலும் அம்மாவின் அடிக்குப் பயந்துதான். பயத்தைப் புத்தி என்று எடுத்துக்கொண்டால் தீர்ப்பு தப்பாகிவிடும். பிள்ளைக்காகப் பேசும் வழக்கறிஞர் இதைத் தவறாமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்த 7 என்ற எண் 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலிருந்து வருகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறின, இந்த வயது மட்டும் மாறவில்லை. இங்கிலாந்திலேயே இன்று அது 10. ஜெர்மனியில் 14. குழந்தை உரிமைகளுக்கான ஐநா குழு 2019இல் எல்லா நாடுகளும் குறைந்தது 14 ஆக்க வேண்டும் என்று சொன்னது. இந்தியாவும் உயர்த்த வேண்டும் என்பதே என் எண்ணம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புத்தியை நிறுத்துப் பார்க்கும் வேலை சட்டத்துக்கு வேண்டாம்.

கெல்லீஸும் புழலும்

12 முதல் 18 வரை உள்ளவர்களுக்குப் புத்தி முதிர்ச்சி இல்லை என்று தப்ப வழியில்லை, பொறுப்பு உண்டு. ஆனால் 18 முடிந்தவர் புழல் சிறைக்குப் போகிறார் என்றால், 18 ஆகாதவர் போக வேண்டிய இடம் வேறு. அதற்குத்தான் சிறார் நீதிச் சட்டம், 2015 இருக்கிறது. குழந்தைகளுக்குத் தனிச் சட்டம் என்ற எண்ணத்துக்கு நம் ஊரே முன்னோடி: இந்தியாவில் முதன்முதலில் இயற்றப்பட்டது 1920ஆம் ஆண்டின் மதராஸ் குழந்தைகள் சட்டம்தான். பிறகு நாடு முழுவதற்குமாக 1986இல் ஒரு சட்டம் வந்தது. அதில் ஆண்பிள்ளைக்கு 16 வயது வரைதான் பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதை இருபாலருக்கும் 18 ஆக்கியது.

18 ஆகாதவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் சென்னையில் இருப்பது கெல்லீஸில். விசாரணை முடியும்வரை பிள்ளைகளை வைக்கும் கூர்நோக்கு இல்லமும் அங்கேதான். குழுமத்தில் மூன்று பேர்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண். பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறான், பள்ளிக்கூடம் போகிறானா, அப்பா இருக்கிறாரா, யாரோடு சுற்றுகிறான் என்று நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை கொடுப்பார். பெரியவர்களின் வழக்கில் ஓர் ஓரமாகக் கிடக்கும் இந்த விவரங்கள் இங்கே நடுவில் வந்து உட்காரும். அதனால் அந்த அலுவலர் வீட்டுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளையின் மார்க் ஷீட், ஃபுட்பால் சர்டிபிகேட், வேலைக்குச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் மெக்கானிக் ஷெட்காரர், எது இருந்தாலும் காட்டுங்கள்.

குற்றம் நிரூபணமானால் குழுமம் எச்சரித்து அனுப்பலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்துப் பெற்றோரிடமே ஒப்படைக்கலாம். அதிகபட்சம், குற்றம் நிரூபணமான பிள்ளைகளை வைக்கும் சிறப்பு இல்லத்தில் 3 ஆண்டு.

குற்றங்களையும் இந்தச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அதிகபட்சத் தண்டனையே 3 ஆண்டு வரைதான் என்றால் சிறு குற்றம். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் கொடுங்குற்றம். இடைப்பட்டவை கடுமையான குற்றங்கள். நம் பக்கம் அடிக்கடி வரும் வழக்குகளை இதில் பொருத்திப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் அது பறிப்பு, 3 ஆண்டு வரை தண்டனை. ஆகவே சிறு குற்றம். அதே செல்போனைக் கத்தியைப் பயன்படுத்திக் கொள்ளையடித்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 311ஆம் பிரிவு போட்டால் 7 ஆண்டுக்குக் குறையாத தண்டனை, அது கொடுங்குற்றம். போன் அதேதான். "சும்மா பயம் காட்டத்தான் கத்தி எடுத்தேன்" என்று பையன் சொல்வான். நடுவில் அந்தக் கத்தி வந்ததால் அவன் வாழ்க்கை வேறு திசைக்குத் திரும்புகிறது. கஞ்சாவும் அப்படித்தான்: 1 கிலோவுக்குக் கீழே சிறு அளவு, ஓராண்டு வரை தண்டனை, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு. கொலை முயற்சிக்குக் குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படாததால் அது கடுமையான குற்றத்தில் வரும். குறைந்தபட்சம் என்று எதுவும் சொல்லாத குற்றத்தைக் கொடுங்குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2021 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதியது.

ஸ்டேஷனில் முதல் நாள்

பெற்றோருக்கு அதிகம் உதவப்போவது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

18 ஆகாத பிள்ளையை எந்தக் காரணத்துக்காகவும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. அடிக்கவோ மிரட்டவோ கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளை அவர் பொறுப்பிலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவின் பொறுப்பிலோதான் இருக்க வேண்டும். அவர் சீருடையில் இல்லாமல் சாதாரண உடையில் பேச வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது. பெற்றோருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். எந்த வாக்குமூலத்திலும் பிள்ளையிடம் கையெழுத்து கேட்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கொடுங்குற்றமாக இருந்தாலோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்பட்டாலோதான் பிள்ளை மீது எஃப்ஐஆர். மற்றவற்றில் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் எழுதி, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்கின்றன 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள்.

ஜாமீனில் பெரியவர்களுக்கான விதி இங்கே தலைகீழாகிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பேச்சே இல்லை, விடுவதுதான் விதி. வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனதாலோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் மறுக்கலாம், அந்தக் காரணத்தையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஷூரிட்டி கொடுக்க ஆள் இல்லாத குடும்பங்களும் கவலைப்பட வேண்டாம். ஜாமீன் கிடைத்து 7 நாளுக்குள் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றியமைக்கப் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவே சொல்கிறது. அன்றாடம் மீன் கூடை தூக்கிப் பிழைப்பவர்களையும் மனதில் வைத்து யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று இதைப் படிக்கும்போது தோன்றும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100, குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளைக்கு இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு.

வயதை எப்படி நிரூபிப்பது?

எல்லாம் வயதில் நிற்கிறது. குற்றம் நடந்த தேதியில் என்ன வயது என்பதே கணக்கு. பிடிபட்ட தேதியோ தீர்ப்புத் தேதியோ கணக்கில் வராது. 17 வயது 11 மாதத்தில் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு 22 வயதில் பிடிபட்டாலும் அவர் குழுமத்தின் முன்தான் நிற்க வேண்டும்.

எதை ஆதாரமாக எடுப்பது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அதில் இரண்டு வயது முன்பின் ஆகலாம். இந்த வரிசையில் ஆதார் இல்லை. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம், ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்கு மாநகராட்சிப் பதிவு இருக்கும், இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சிக்கல் பள்ளிக்கூடத்தில்தான் வருகிறது. சீக்கிரம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வயது கூட்டிக் கொடுத்த குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. பள்ளிச் சான்றிதழ் முதலில் நிற்பதால் அந்த ஒரு வயது பிள்ளையைப் புழலுக்குள் தள்ளிவிடக்கூடும். பிறப்புச் சான்றிதழும் டிசியும் ஒரே தேதியைச் சொல்கின்றனவா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே பள்ளியில் திருத்தக் கேளுங்கள்.

வயது கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்த பிறகும்கூட. 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவர் 28 ஆண்டு சிறையில் இருந்தார். குற்றம் நடந்தபோது அவருக்கு 12 வயது 6 மாதம் என்று பள்ளிப் பதிவேட்டை வைத்து உச்ச நீதிமன்றம் ஏற்று, 2023 மார்ச்சில் விடுதலை செய்தது. ஒரு பதிவேட்டின் ஒரு வரி முன்னமே நீதிமன்றம் போயிருந்தால் ஒரு மனிதனின் இளமை முழுதும் போயிருக்காது.

16 முடிந்தவர்கள்

2012 டிசம்பர் டெல்லி பஸ் கூட்டுப் பாலியல் கொடுமையில் சம்பந்தப்பட்டவர்களில் ஒருவனுக்கு 18 ஆக இன்னும் சில மாதங்கள் இருந்தன. அவனுக்கு அன்றைய சட்டப்படி கிடைத்தது 3 ஆண்டு. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பிலிருந்து பிறந்ததுதான் 2015 சட்டத்தின் 15ஆம் பிரிவு. 16 முடிந்தவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மன வலு இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று உளவியல் நிபுணர்களின் உதவியோடு பார்க்கும். பெரியவரைப் போலவே விசாரிக்கலாம் என்று தோன்றினால் வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே 3 ஆண்டு என்ற உச்சவரம்பு இல்லை. 21 வயது வரை சிறைக்கு வெளியே இதற்கென்று உள்ள பாதுகாப்பு இடத்தில் வைத்து, பிறகு திருந்தியிருக்கிறானா என்று பார்த்து, விடுதலை செய்வதா மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவதா என்று முடிவெடுப்பார்கள். மரண தண்டனையும் விடுதலைக்கு வாய்ப்பே இல்லாத ஆயுள் தண்டனையும் மட்டும் எந்த நிலையிலும் கிடையாது.

இதில் கொலைக்கார கும்பல் மட்டும் மாட்டுவதில்லை. 18 ஆகாதவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 4ஆம் பிரிவுக்குக் குறைந்தது 10 ஆண்டு தண்டனை. எனவே அது கொடுங்குற்றம். 17 வயதுப் பையனும் 16 வயதுப் பெண்ணும் காதலித்து வீட்டை விட்டுப் போனால், பெண்ணின் சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பெண் வீட்டார் புகார் கொடுத்தால் கத்தி தூக்கியவன் நிற்கும் அதே வரிசையில் அந்தப் பையனும் நிற்பான். வளரிளம் பருவத்துக் காதல் உறவுகளைக் குற்றமாக்குவது போக்சோவின் நோக்கமல்ல என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தபோது கூறியது. சட்டம் இன்னும் மாறவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் இதை வெட்கப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள்.

பின்னால் நிற்கும் "அண்ணன்"

"உனக்கு மைனர் கேஸ்தான்டா, நீ ஒத்துக்கோ" என்று பையனை முன்னால் தள்ளிவிடும் அண்ணன்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த விளக்கம் முழுமையாகாது. என் கோபம் முழுதும் இவர்கள் மேல்தான். பொட்டலம் கொண்டுபோகச் சொல்வதும் கத்தியை ஒளித்து வைக்கச் சொல்வதும் வேவு பார்க்கச் சொல்வதும் பிள்ளையின் வயதைத் தங்களுக்குக் கேடயமாக்கிக்கொள்ளும் வேலை. இப்போது சட்டம் இவர்களை நேராகவே பிடிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 95ஆம் பிரிவின்படி, குற்றம் செய்யப் பிள்ளையை அமர்த்தியவருக்கு 3 முதல் 10 ஆண்டு. பிள்ளை அந்தக் குற்றத்தைச் செய்துவிட்டால், தானே செய்ததாகக் கருதி அதற்கான தண்டனையும் அவருக்கு உண்டு. போதைப்பொருள் கடத்தவோ விற்கவோ பிள்ளையைப் பயன்படுத்தினால் சிறார் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை. எனவே பிள்ளை யார் பெயரைச் சொல்ல பயப்படுகிறான் என்பதை வக்கீலிடமாவது சொல்ல வையுங்கள். அந்தப் பெயர் வெளியே வந்தால், குழுமத்தின் முன் அவன் பயன்படுத்தப்பட்ட பிள்ளையாகவும் தெரிவான்.

இல்லங்களைப் பற்றி ஏட்டில் இருப்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் அடிபட்டு இறந்தான். இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். அதன்பிறகு, இந்த இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு 2023இல் அமைத்தது, அவரும் அறிக்கை கொடுத்தார். பிள்ளை இல்லத்தில் இருந்தால் பார்க்க அனுமதிக்கும் நாளை ஒன்றுகூட விடாதீர்கள். உடம்பில் காயம் தெரிந்தால் அடுத்த வாய்தாவில் குழுமத்திடமே சொல்லுங்கள். இல்லங்களை மாதம் ஒருமுறை நேரில் ஆய்வு செய்வது குழுமத்தின் கடமை.

வழக்கு முடிந்த பிறகு என்ன? பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரு வாட்ஸ்அப் குழுவில் "திருடன் மாட்டினான்" என்று பையனின் வீடியோவை அனுப்புகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தின் கீழ் கையாளப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தீர்ப்பால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களையும் அழிக்க வேண்டும். 16 முடிந்து, பெரியவரைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என்று முடிவானவர்களுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. சிறுவயது வழக்கைக் காட்டி மத்திய தொழில் பாதுகாப்புப் படை வேலை மறுக்கப்பட்ட ஓர் இளைஞருக்கு ஆதரவாக 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பிள்ளைக்கும் போலீஸ் வேலையிலோ ரயில்வேயிலோ இதே தடை வந்தால், 24ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கேளுங்கள்; பதில் வரவில்லை என்றால் பாரிமுனையில் உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அந்தக் கடிதத்தையும் குழுமத்தின் உத்தரவு நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.